காரின் குரலைக் கொஞ்சம் கனக்க வைக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, என்னிடம் ஒரு கொரொல்லா 121 நிற்கிறது. பெற்றோல், 1500 சிசி. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை, சத்தம்தான் தையல் மெஷின் மாதிரி. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. அக்சிலேற்றரை மிதிக்கும்போது கொஞ்சம் கனத்த சத்தம் எனக்குக் கேட்டால் போதும். ஒரு கராஜில் பின் சைலன்சரை வெட்டிவிட்டு நேர்க்குழாய் போடலாம் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் நடுவில் இருக்கும் சின்ன உருளையைக் கழற்றினாலே போதும் என்கிறார்கள். எதைச் செய்வது?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம், தம்பி. நீங்கள் கேட்பது கனத்த சத்தம். அவர்கள் இருவரும் தரப்போவது பெரிய சத்தம். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் காரைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களை நான் கராஜில் அடிக்கடி பார்க்கிறேன், அதனால்தான் இந்த முறை கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

தவிலை எடுத்துக்கொள்ளுங்கள். வலது முகமான வலந்தலையில் கூடு போட்ட விரல் விழுந்தால் சுள்ளென்று காதில் ஏறும், இடது முகமான தொப்பியில் கோல் விழுந்தால் நெஞ்சுக்குள் இறங்கும். உங்களுக்கு வேண்டியது தொப்பி. வலந்தலையை அடக்கிவிட்டால் தொப்பி தானாகக் கேட்கும், அதை ஓங்கி அடிக்கத் தேவையில்லை.

காரில் இது எப்படி என்றால், நாலு சிலிண்டர் இஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடினால் செக்கனுக்கு 50 வெடி, 3,000 சுற்றில் 100 வெடி. அந்த 50 ஹேர்ட்ஸும் 100 ஹேர்ட்ஸும்தான் அடிச் சத்தம், நீங்கள் தேடுவது அதைத்தான். அதற்கு மேலே அதன் மடங்குகள் 200, 400, 800 என்று ஏறிக்கொண்டே போகும், கரகரப்பும் கீச்சும் தகரச் சத்தமும் எல்லாம் அந்த மேல் பகுதியில் இருந்துதான் வருகிறது. வெறும் நேர்க்குழாய் போட்டால் மேலும் கீழும் சேர்த்து எல்லாம் வெளியே வரும். அப்படிச் செய்த காரின் பின்னால் நின்று பாருங்கள், கனம் இருக்காது, ஓட்டை விழுந்த பீப்பாயைக் கல்லில் இழுத்துக்கொண்டு போவது போலத்தான் இருக்கும்.

கராஜ் மூலையில் கிடந்த ஒரு பழைய சைலன்சரைப் போன மாதம் பொடியன்களுக்குக் காட்டுவதற்காகக் கிரைண்டரால் நீளவாக்கில் பிளந்தோம். முதலில் வந்தது ஒரு கோப்பை அளவு கறுத்த தண்ணீர், பிறகு கைப்பிடி கைப்பிடியாகத் துருத் தூள். உள்ளே தகடு வைத்து அறை அறையாகப் பிரித்திருந்தது. ஒரு குழாய் முதல் அறையைத் தாண்டி உள்ளே போகிறது, புகை அங்கே இருந்து திரும்பி முன்னுக்கு வருகிறது, மறுபடியும் இன்னொரு குழாயால் பின்னுக்குப் போகிறது. கொம்பனி சைலன்சர் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்யும். சத்தம் சுவரில் மோதித் திரும்பி, வருகிற சத்தத்தோடு மோதி, ஒன்றை ஒன்று தின்னும். அது அடிச் சத்தத்தையும் சேர்த்துத் தின்றுவிடுவதால்தான் உங்கள் காரில் தையல் மெஷின் மட்டும் மிஞ்சிக் கேட்கிறது.

இன்னொரு வகை சைலன்சர் இருக்கிறது. நடுவில் நேராக ஒரு குழாய், அந்தக் குழாய் முழுக்கச் சல்லடை மாதிரி ஓட்டை, சுற்றிவர கண்ணாடிப் பஞ்சு, அதற்கு வெளியே தகடு. ஒரு வாயில் கண்ணை வைத்தால் மறுவாயில் வெளிச்சம் தெரியும். கடையில் அப்படித்தான் பார்த்து எடுக்க வேண்டும். இதில் பஞ்சு மேல் சத்தத்தை உறிஞ்சும், அடிச் சத்தம் பஞ்சுக்கு அவ்வளவாக அகப்படாமல் வெளியே வரும். அதாவது வலந்தலை அடங்கி, தொப்பி கேட்கும். உங்களுக்கு இதுதான் பதில்: பின் சைலன்சரை மட்டும் இந்த நேர்வழி வகைக்கு மாற்றுங்கள், முன்னால் உள்ள எதையும் தொடாதீர்கள்.

உடல் நீளமாகவும் பருமனாகவும் இருப்பதாகப் பார்த்து எடுங்கள், குறைந்தது 40 சென்ரிமீற்றர். மாப்பேணி மாதிரிக் குட்டையாக, வாய் பெரிதாக, பளபளவென்று வருவது பார்வைக்கு நன்றாக இருக்கும், பஞ்சு இருக்க இடமில்லாததால் சத்தத்தை அடக்காது. ஜப்பானில் கழற்றி வந்தவை கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் கிடைக்கும், ஆனால் பாவித்த நேர்வழி சைலன்சர் வாங்குவதென்றால் கையால் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று அடைத்த சத்தம் வந்தால் பஞ்சு இருக்கிறது, ‘டாங்’ என்று மணி மாதிரிக் கேட்டால் பஞ்சு எரிந்து ஊதிப்போய்விட்டது, அதை வாங்குவதும் வெறும் குழாய் வாங்குவதும் ஒன்றுதான். புதிதென்றாலும் பஞ்சு ஓட ஓடக் கொஞ்சம் அடங்கும், சத்தம் கொஞ்சம் ஏறும். அதனால் முதல் நாள் “இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்” என்று தோன்றும் அளவில் எடுங்கள், சில மாதத்தில் சரியாகிவிடும்.

நடுவில் உள்ள சின்ன உருளையைக் கழற்றச் சொன்னவரைப் பற்றி. அதன் பெயர் ரெசனேற்றர். அந்தக் கரகரப்பைத் தின்பதற்கென்றே வைத்திருக்கும் உறுப்பு அது. கழற்றினால் நீங்கள் கேட்டதற்கு நேர் எதிரானது கிடைக்கும்.

குழாய் அளவையும் கூட்டாதீர்கள், மிஞ்சினால் கால் அங்குலம். பெரிய குழாய் கனத்த சத்தம் தரும் என்பது உண்மைதான், ஆனால் 1500 சிசிக்கு இரண்டரை அங்குலக் குழாய் போட்டால் புகையின் வேகம் விழுந்து கீழ்ச் சுற்றில் இழுவை குறையும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு குளக்கட்டு ஏறும்போது அது தெரியும். இழுவை கூடும் என்று யாரும் சொன்னாலும் நம்பாதீர்கள், பின் சைலன்சர் மட்டும் மாற்றி இந்த இஞ்சினில் உணரக்கூடிய இழுவை எதுவும் வராது. நீங்கள் காசு கொடுப்பது காதுக்குத்தான், அதில் ஒரு பிழையும் இல்லை.

எனக்கும் அந்த ஆசை உண்டு. 1990களில் பெற்றோல் வன்னிக்கு வராத காலத்தில் தொடக்கத்துக்கு நாலு துளி பெற்றோல் விட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களை இங்கே வயது வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். புகை கண்ணை எரிக்கும், ஆனால் மெதுவாக நிற்கும்போது அந்த இஞ்சின் ‘துப் துப் துப்’ என்று எண்ணக்கூடிய மாதிரி அடிக்கும். அதில் A55 வகை 1489 சிசி, உங்களுடைய 121 1497 சிசி. கிட்டத்தட்ட ஒரே அளவு. அது மெதுவாகச் சுற்றியது, அதனால் கனத்துக் கேட்டது. புதுக் காரை நிற்கும்போது அப்படி அடிக்க வைக்க முடியாது. ஓட்டத்தில் 1,500க்கும் 2,500க்கும் இடையில் அந்தச் சாயல் கொஞ்சம் வரும்.

இனிப் பூட்டுவது. வெல்டிங் செய்து ஒரேயடியாக ஒட்டிவிட வேண்டாம், பழைய சைலன்சர் பூட்டியிருந்த அதே இடத்தில் பிளாஞ்சும் போல்ட்டும் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழையதைப் பத்திரமாக வீட்டில் வையுங்கள். பிடிக்காவிட்டால் அரை மணித்தியாலத்தில் திருப்பிப் போடலாம், விற்கும்போதும் கேட்பார்கள். எங்கேயாவது ஒட்டத்தான் வேண்டும் என்றால் மிக் வெல்டிங் உள்ள இடத்தில் ஒட்டுங்கள், ஆர்க் போட்டால் மெல்லிய குழாய் பொத்துப் போகும். ஒட்டுவதற்கு முன் பற்றறி வயரைக் கழற்றியிருக்கிறார்களா என்று நீங்களே குனிந்து பாருங்கள். நான் வேலை பழகிய புதிதில் இதைச் செய்யாமல் ஒட்டி ஒருவரின் காரில் கொம்பியூட்டர் பெட்டி போய், அதைத் தேடிக் கொழும்புவரை அலைந்து, என் காசில் வாங்கிக் கொடுத்தேன். அதன் பிறகு என் கராஜில் ஒரு காரையும் அப்படித் தொட்டதில்லை.

தொங்க விடும் ரப்பர்களைப் புதிதாகப் போடுங்கள். நம்முடைய கிறவல் ரோட்டில் பழைய ரப்பர் இரண்டு மாதம் தாங்காது. குழாய் வாய் பம்பரைத் தாண்டி வெளியே ஓரளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே நின்றால் பிளாஸ்ரிக் பம்பர் உருகுவது ஒரு பக்கம், புகை டிக்கி வழியாக உள்ளே வருவது அதைவிடப் பெரிய விஷயம். காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஏசியைப் போட்டுக்கொண்டு கார் நிற்கும்போதே படுத்தவர்கள் எழும்பாமல் போவது அதனால்தான். பூட்டி முடிந்ததும், இஞ்சின் குளிராக இருக்கும்போதே ஸ்ராட் செய்து, மடித்த ஈரத்துணியால் வாயைச் சில செக்கன் மட்டும் பொத்திப் பிடித்தால் ஒழுகும் மூட்டில் ‘ஸ்ஸ்’ என்று கேட்கும். ஒரு மூட்டிலும் அது கேட்கக் கூடாது. முன் பகுதியில், புகையில் உள்ள ஒட்சிசனை அளக்கும் சென்சருக்கு முன்னால் ஒழுக்கு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, பெற்றோல் போதவில்லை என்று கொம்பியூட்டர் நினைத்துக் கூட விடும். “சைலன்சர் மாற்றிய பிறகு பெற்றோல் குடிக்கிறது” என்று வருகிறவர்களில் சிலருக்கு இதுதான் காரணம்.

புகையைச் சுத்தப்படுத்தும் கற்றலிக் கொன்வேட்டரை எந்தக் காரணத்துக்கும் தொட விடாதீர்கள். உள்ளே பிளாட்டினமும் பலேடியமும் ரோடியமும் இருப்பதால் அதற்கு விலை உண்டு, “அடைத்திருக்கிறது, வெட்டி எறிவோம்” என்று சொல்கிறவர் அதை எறிவாரா விற்பாரா என்று யோசியுங்கள். அது போனால் புகை நாறும், சென்சர் விளக்கு எரியும், வருடாவருடம் வாகன வரிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகும்போது அங்கேயும் மாட்டுவீர்கள். பொலிஸ் விஷயமும் அப்படித்தான். சைலன்சர் இல்லாமலோ அதன் வேலையைக் கெடுத்தோ ஓட்டுவது குற்றம், 2025 தொடக்கத்தில் நாடு முழுக்கப் பொலிஸார் இப்படி மாற்றிய வாகனங்களைத் தேடித்தேடிப் பிடித்தது உங்களுக்குத் தெரியும். மறித்து நிற்பாட்டும் அதிகாரி காதால் கேட்டுத்தான் முடிவெடுப்பார்.

கடைசியாக ஒரு சோதனை, இதை என்னிடம் மாற்றும் எல்லோரிடமும் செய்யச் சொல்வேன். மறுநாள் விடிய 5 மணிக்குக் காரை ஸ்ராட் செய்யுங்கள். குளிர் இஞ்சின் முதல் ஒரு நிமிடம் கூடின சுற்றில் ஓடும், நிற்கும் காருக்கு அதுதான் ஆகப் பெரிய சத்தம். அதோடு இரவில் நிலம் குளிர்ந்து கீழ்க் காற்றும் குளிர்ந்திருப்பதால் சத்தம் மேலே போகாமல் வயலுக்கு மேலாலும் குளத்துக்கு மேலாலும் வளைந்து வெகுதூரம் போகும். பக்கத்து வளவில் யாராவது எழும்பினார்களா என்று அன்றைக்கே போய்க் கேளுங்கள். எழும்பியிருந்தால் வாய்க்கு உள்ளே போடும் சின்ன அடைப்பான் கிடைக்கும், அதைப் போடுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் பழையதையே பூட்டுங்கள். சாதாரண தரமும் உயர்தரமும் படிக்கும் பிள்ளைகள் அந்த நேரத்துக்குத்தான் எழும்பிப் படிக்கிறார்கள்.

கேள்வி: என் லான்சரில் (1500 சிசி, மனுவல்) பின் சைலன்சரை மாற்றினேன். வெளியே கேட்க அருமை. ஆனால் 2,400 சுற்று வந்ததும் காருக்குள் ‘ங்ங்ங்’ என்று ஒரே இரைச்சல், வவுனியா போய்ச் சேர்வதற்குள் தலையிடி வந்துவிடுகிறது. கூட்டினாலும் குறைத்தாலும் போய்விடுகிறது.
– வாசகர், மாங்குளம்

பதில்: கூட்டினாலும் குறைத்தாலும் போகிறது என்று எழுதியதே பாதி விடை. 2,400 சுற்றில் செக்கனுக்கு 80 வெடி. உங்கள் காரின் உள்கூடு அந்த 80 ஹேர்ட்ஸுக்குச் சேர்ந்து பாடுகிறது, வெறும் போத்தலின் வாயில் ஊதும்போது ஒரு குறிப்பிட்ட ஊதலுக்கு மட்டும் போத்தல் பாடுவது போல. முதலில் குழாய் எங்காவது உடம்பில் முட்டுகிறதா பாருங்கள், ரப்பர் இறுகிக் கிடந்தாலும் இதே இரைச்சல் வரும், அது செலவில்லாத வைத்தியம்.

முட்டவில்லை என்றால், குழாயின் பக்கத்தில் ஒரு முனை மூடிய கிளைக்குழாய் ஒட்டலாம். சத்தம் அதற்குள் போய் மூடிய முனையில் பட்டுத் திரும்பி வந்து அதே சத்தத்தை அழிக்கும். நீளம் அந்தச் சத்த அலையின் கால்வாசி இருக்க வேண்டும். சூடான புகையில், 300 பாகை செல்சியஸ் என்று வைத்தால், ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 480 மீற்றர் போகும். அதை 80ஆல் வகுத்தால் 6 மீற்றர், அதில் கால்வாசி ஒன்றரை மீற்றர். அவ்வளவு நீளத்துக்கு லான்சரின் அடியில் நேராக இடம் கிடைக்காது, வளைத்து முன்னுக்குத் திருப்பி வைக்கலாம். முடிவை ஓரிரு அங்குலம் கூட்டிக் குறைத்துப் பார்க்க வசதியாக மூடியைக் கடைசியாக ஒட்டச் சொல்லுங்கள். வேலை தெரிந்த ஆளிடம் கொடுங்கள், சரியாக அமைந்தால் வெளிச் சத்தம் அப்படியே இருக்க உள்ளிரைச்சல் மட்டும் போகும். ஆள் கிடைக்காவிட்டால் இன்னும் நீளமான உடலுள்ள சைலன்சருக்கு மாறுங்கள்.

கேள்வி: அக்குவா ஹைபிரிட்டுக்கு இப்படிச் செய்யலாமா?
– வாசகர், வவுனியா

பதில்: வேண்டாம். அது நிற்கும்போது பெரும்பாலும் இஞ்சினே ஓடாது, ஓடும்போதும் உங்கள் காலுக்கு ஏற்ற மாதிரிச் சுற்று ஏறி இறங்காது, தனக்கு வசதியான சுற்றில் நிற்கும். கனத்த சத்தம் இன்பமாக இருப்பது காலும் சத்தமும் சேர்ந்து போவதால்தான். அந்தக் காசுக்கு நல்ல ரயர் போடுங்கள்.

கேள்வி: ஐயா, எனக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாது. மகன் வைத்திருக்கும் காரில் யாரோ மடிக்கணினி கொண்டுவந்து ஏதோ மாற்றியிருக்கிறார்கள். அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் குழாயில் ‘பட பட’ என்று வெடிக்கிறது. இரவில் அவன் ஒழுங்கைக்குள் திரும்பும்போது அந்தச் சத்தம் கேட்டால் நான் என்னை அறியாமல் நிலத்தில் குந்திவிடுகிறேன். இதை நிற்பாட்ட முடியுமா?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: முடியும், அம்மா. ஒரு மணித்தியால வேலைகூட இல்லை. சாதாரணமாக ஓட்டத்தில் காலை எடுத்ததும் இஞ்சினுக்குப் பெற்றோல் போவது நின்றுவிடும். இந்த மாற்றத்தில் பெற்றோலை நிற்பாட்டாமல் விட்டு, தீப்பொறியையும் பிந்த வைக்கிறார்கள். சிலிண்டருக்குள் எரிய வேண்டியது வெளியே வந்து குழாய்க்குள் வெடிக்கிறது. கொம்பியூட்டரில் பழைய புரோகிராமைத் திருப்பி ஏற்றினால் அன்றைக்கே நின்றுவிடும், செய்தவரிடமே அது இருக்கும்.

இந்தப் பக்கத்தை மகனிடம் காட்டுங்கள், இனி எழுதுவது அவருக்கு. தம்பி, காருக்கு இது என்ன செய்யும் என்று முதலில் சொல்கிறேன். கற்றலிக் கொன்வேட்டரின் உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பகுதி அந்தச் சூட்டில் உருகி அடைக்கும், சைலன்சரின் பஞ்சு ஊதிப்போகும், வால்வும் தாங்காது. இது எல்லாம் காசால் திருத்தக்கூடியது. 2009இல் நீங்கள் கைக்குழந்தையாகவோ சின்னப் பிள்ளையாகவோ இருந்திருப்பீர்கள். உங்கள் அம்மா மாத்தளனிலோ முள்ளிவாய்க்காலிலோ பங்கருக்குள் எத்தனை நாள் இருந்தார் என்று நீங்கள் கேட்டதுண்டா? அந்தச் சத்தத்துக்கு உடம்பு முதலில் குனியும், அது கார்தான் என்று மனம் பிறகுதான் சொல்லும். உங்கள் ஒழுங்கையில் அப்படி எத்தனை வீடு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சத்தப் பிரியராக நானே சொல்கிறேன், கனத்த சத்தம் வேண்டுமென்றால் மேலே கிளிநொச்சித் தம்பிக்கு எழுதியதைச் செய்யுங்கள், கொண்டுவாருங்கள், கூலி வாங்காமல் பூட்டித் தருகிறேன். இந்த வெடியை மட்டும் இந்தக் கிழமையே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: புதுச் சைலன்சர் பூட்டி ஒரு மாதம். காலையில் ஸ்ராட் செய்தால் குழாய் வாயில் தண்ணீர் சொட்டுகிறது. அடியிலும் ஊசி முனை அளவில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதாலும் சொட்டுகிறது. பழுதான சாமானைத் தந்துவிட்டார்களா, ஓட்டையை ஒட்டி அடைக்கவா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: பழுது இல்லை, அடைக்கவும் வேண்டாம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வருகிறது, குழாய் குளிராக இருக்கும்போது அது உள்ளேயே தண்ணீராகி நிற்கும். அது வடிவதற்கென்று வைத்த ஓட்டைதான் அது. அடைத்தால் தண்ணீர் உள்ளே கிடந்து சைலன்சரைத் தின்னும், மேலே நான் பிளந்து பார்த்ததில் வந்த கறுத்த தண்ணீர் அதுதான். சந்திக்கும் கடைக்குமாகக் குட்டி ஓட்டம் மட்டும் ஓடுகிற காரென்றால் கிழமைக்கு ஒருமுறை முல்லைத்தீவு வரைக்கும் போய் வாருங்கள், குழாய் நன்றாகச் சூடேறி உள்ளே உள்ளது காய்ந்துவிடும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, அதில் இனிப்பு மணமும் அடித்தால் மட்டும் கொண்டுவந்து காட்டுங்கள், அது ரேடியேற்றர்த் தண்ணீர் இஞ்சினுக்குள் போகிற அடையாளம். மாரி தொடங்கினால் அந்த ஓட்டை சேற்றால் அடைபடும், மாதம் ஒருமுறை மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள்.